ஆறு மாதம் ஷெட்டில் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்: கோத்தகிரியில் ஒரு டயர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய பங்களா. உரிமையாளர் சரக்குக் கப்பலில் அதிகாரி. ஆண்டில் பாதி கடலில் இருப்பார், மீதிப் பாதி இங்கே. அவரிடம் இருப்பது இருவர் மட்டும் உட்காரக்கூடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். மொத்த எடை 1,350 கிலோவை ஒட்டி வரும், அதில் பாதிக்கு மேல் பின்சக்கரங்கள் சுமக்கின்றன. முன்னால் 235/40 ஆர்18, பின்னால் 265/40 ஆர்18 டயர்கள். அகலமான, பக்கச்சுவர் குட்டையான, அதிவேகத்துக்கென்று செய்த ரகம்.

2023 அக்டோபரில் அவர் கோவையில் சர்வீஸ் முடித்தார். மதிய வெயிலில் முன்னால் 31, பின்னால் 36 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) காற்று வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக மலையேறி, இருட்டும் நேரத்தில் வீடு சேர்ந்தார். ஓடிய சூடு ஆறுவதற்குள் காரை ஷெட்டில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, உறை போர்த்திவிட்டு, மறுநாள் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். அதன்பின் அந்தக் கார் நகர்ந்தது 2024 ஏப்ரலில்தான்.

இடைப்பட்ட மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்ய மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டிருக்கேன் தம்பி, ஒரு வாரம்கூட விடல" என்று, பின்னர் காரைப் பார்க்கப் போன பட்டறைக்காரனான என்னிடம் சொன்னார். உண்மையாகவே விடவில்லை. சொன்ன வேலையை அவர் சொன்னபடி செய்திருந்தார். ஆனால் நின்ற இடத்திலேயே எஞ்சின் பத்து நிமிடம் ஓடுவதால் டயருக்கு எந்தப் பயனும் இல்லை. எஞ்சினுக்கும் அது நல்லதில்லை. முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் எண்ணெயிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். பேட்டரியும் ஸ்டார்ட் செய்ய இழந்ததைத் திரும்பப் பெறாது.

ஷெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடு போட்டது, சிமென்ட் தரை, உள்ளே சமதளம். வாசலைத் தாண்டியதும் செங்குத்தான இறக்கம். கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். அந்த மழையில் இடப்பக்கச் சுவரோரம் ஓடு ஒழுகியிருக்கிறது. காரின் இடது பின்சக்கரம் நின்றது அதற்கு நேர் கீழே.

ஏப்ரலில் வெளிப்பட்ட கோளாறு

ஊர் திரும்பிய உரிமையாளர் கடைவீதி வரை காரை எடுத்துப் போனார். ஹேண்ட் பிரேக் ஒட்டியிருந்து 'டப்' என்ற சத்தத்தோடு விட்டது. அப்புறம் முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே பின்னாலிருந்து தொடர்ச்சியாக ஒரு தட்டல். வேகம் கூடக் கூடத் தட்டலும் விரைந்தது, இருக்கை அதிர்ந்தது. வீல் பேலன்ஸ் போயிருக்கும் என்று ஒரு கடையில் பேலன்சிங் செய்தார். எந்த மாற்றமும் இல்லை. அப்புறம்தான் குன்னூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு அழைத்தார்.

பேலன்ஸ் குறையால் வரும் அதிர்வு பெரும்பாலும் எழுபது, எண்பது கிலோமீட்டரை நெருங்கும்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். முப்பதிலேயே தட்டினால் டயரின் வட்டத்தில்தான் சந்தேகம். இந்தப் பின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல். அவர் போனில் கேட்க வைத்த தட்டல் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் ஃபிளாட் ஸ்பாட், அதாவது நின்ற இடத்தில் டயர் அமுங்கித் தட்டை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தகுந்ததாக ஆக்கியது உரிமையாளரின் ஒரு பழக்கம். எதையும் தொடும் முன் அளந்து எழுதிவைப்பார். காரை எடுக்கும் முன், காற்று அடிக்கும் முன், நான்கு டயரின் அழுத்தத்தையும் குறித்திருந்தார். முன் டயர்கள் இரண்டும் 25. வலது பின் 28. இடது பின் 17.

ஷெட்டில் பார்த்தவை

காரைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் மெல்லச் சுற்றி, டயரின் மேற்பரப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். பொதுவாக ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம். முன் டயர்கள் 0.9, 0.8. வலது பின் 1.3. இடது பின் 2.1.

வலதும் இடதும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே வாரத்தில் தயாரானவை. பக்கச்சுவரில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இரண்டிலும் 1418, அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். சுமக்கும் எடையும் ஏறக்குறைய ஒன்றே, சக்கரத்துக்கு 370 கிலோ. நின்ற காலமும் ஒன்று, குளிரும் ஒன்று. வித்தியாசம் காற்றில் மட்டும்தான். பட்டறையில் இப்படி ஒரு ஒப்பீடு அமைவது அபூர்வம். அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தோம்.

டயர் தரையில் பதியும் பரப்பைச் சுமையை அழுத்தத்தால் வகுத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். 36 பிஎஸ்ஐயில் இந்த டயருக்கு அது 145 சதுர செ.மீ.யை ஒட்டி வரும். 17 பிஎஸ்ஐயில் 300ஐத் தாண்டும். அதாவது இடது டயர் காற்று இறங்க இறங்க இரு மடங்கு பரப்பு வரை அமுங்கி, பக்கச்சுவரும் அதற்கேற்ப மடங்கி, மாதக்கணக்கில் நின்றிருக்கிறது.

இடது டயரில் மட்டும் காற்று ஏன் இவ்வளவு இறங்கியது? மலையேறியதுதான் காரணமோ என்று உரிமையாளர் கேட்டார். கோவையில் 33 டிகிரியில் அடித்த காற்று கோத்தகிரியில் 13 டிகிரிக்கு ஆறினால் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ போலக் குறையும். ஆனால் உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது. கோவை 411 மீட்டர், கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கிட்டே. இதனால் கேஜில் இரண்டு பிஎஸ்ஐ கூடிக் காட்டும். இரண்டையும் கழித்தால் இழப்பு ஒன்றுதான். இதுபோக, எந்த டயரும் ரப்பர் வழியாகவே மாதம் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ இழக்கும். வலது டயர் 36லிருந்து 28க்கு வந்தது இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. இடதில் கசிவு இருந்தே தீர வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் குமிழி வந்தது. கழற்றிப் பார்த்தால் அலாய் ரிம்மின் விளிம்பில் வெள்ளைப் பொடியாக அரிப்பு. ஓட்டு ஒழுகலின் ஈரம் அதை மோசமாக்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

உட்புறத்தில் மடிப்புத் தழும்போ, கம்பி தெரிவதோ, வீக்கமோ இல்லை. இந்த அழுத்தத்தில் டயர் ஓடவில்லை, நின்றது மட்டுமே. ஆனால் இரண்டு பின் டயர்களின் பக்கச்சுவரிலும் மயிரிழை வெடிப்புகள் தொடங்கியிருந்தன.

சூடேற்றிப் பார்க்கும் முடிவு

ஃபிளாட் ஸ்பாட் இரண்டு வகை. ஒன்று, ஓட்டினால் போய்விடும். மற்றது போகாது. எது என்று ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதிவேக டயர்களில் ஸ்டீல் பெல்ட்டுக்கு (டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு) மேல் நைலான் அடுக்கு ஒன்று சுற்றியிருக்கும். நைலான் 50 டிகிரியை ஒட்டி விறைப்புத் தளரும், ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடி இறுகும். இஸ்திரி போட்ட துணியில் மடிப்பு நிற்பதைப் போல. அதை எடுக்க மறுபடி சூடு வேண்டும்.

மலையில் இதுதான் சிக்கல். கோத்தகிரி கடைவீதிக்கும் வீட்டுக்கும் நடுவே, 15 டிகிரி குளிரில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை நடை போனாலும் டயரின் உள்ளே அந்தச் சூடு ஏறாது. "பத்து நாளாக ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், குறையவே இல்லையே" என்று உரிமையாளர் சொன்னதற்குப் பதில் இதுதான். சமவெளியில் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் தட்டை, இங்கே நிரந்தரம் போலத் தோன்றும். நல்ல டயரைத் தூக்கிப் போடுவதும் அதனால் நடக்கிறது.

ரிம்மின் விளிம்பைச் சுத்தம் செய்து, வால்வை மாற்றி, சரியான காற்று வைத்து, காரை மலையிலிருந்து சமவெளிக்கு இறக்க முடிவு செய்தோம். அதிர்வோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டாம், டிரக்கில் ஏற்றிவிடலாமா என்றும் பேசினோம். டயரில் கட்டமைப்புச் சேதம் இல்லாததாலும், வழியில் உள்ள அரவேணு வரை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒழுங்காக இருந்ததாலும் ஓட்டியே போனோம்.

அரவேணுவில் டயரின் மேற்பரப்பு வெப்பம் 24 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் 43. அங்கிருந்து காரமடையைத் தாண்டி எழுபது, எண்பது வேகத்தில் சீராக ஓட்டியபின் 52. ஏப்ரல் வெயிலில் தார்ச்சாலையும் கை கொடுத்தது. முன்பக்க அதிர்வு காரமடைக்கு முன்பே மறைந்தது. பின்பக்கம் பாதியாகக் குறைந்தது.

அடுத்த காரியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சூடான டயரை அப்படியே தரையில் நிறுத்தி ஆற விட்டால் புதிதாக ஒரு தட்டை விழும். அதனால் மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் பட்டறையில் காரைத் தூக்கி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஆற விட்டு, அதன்பின் அளந்தோம். முன் டயர்கள் 0.4, 0.4. வலது பின் 0.6. இடது பின் 1.6.

டயர் மாற்றம்

இடது டயர் திரும்பாது என்பது தெளிவு. வலது டயர் வட்டத்தைப் பொறுத்தவரை தேறிவிட்டது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டையும் மாற்றச் சொன்னேன். ஆறு வயது ஆகியிருந்தது, வெடிப்பு தொடங்கியிருந்தது, பின்சக்கரத்தால் ஓடும் காரில் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் இருப்பது மழைநாள் மலைப்பாதைக்கு ஆகாது. முன் டயர்கள் 2021இல் செய்தவை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். செலவு அரை லட்சத்தைத் தொட்டது. இடது ரிம்மின் விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்துதான் புதியதை ஏற்றினோம்.

அடுத்த பருவத்துக்கான ஏற்பாடு

2024 அக்டோபரில் அவர் மறுபடி கப்பலேற வேண்டும். என்ன செய்வது என்று உரிமையாளர், பெரியவர், நான் மூவரும் ஷெட்டில் உட்கார்ந்து பேசினோம்.

நான்கு ஸ்டாண்டில் காரைத் தூக்கி நிறுத்திவிடுவது முதலில் வந்த யோசனை. டயருக்கு அதைவிடப் பாதுகாப்பு இல்லை. ஆனால் சஸ்பென்ஷன் மாதக்கணக்கில் தொங்கினால் அதன் ரப்பர் புஷ்களுக்கு நல்லதில்லை. சஸ்பென்ஷனுக்கு அடியில் முட்டுக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்தான். பெரியவர்தான் வேறொன்றைச் சொன்னார். ஷெட்டுக்கு மேல் ஒரு கற்பூர மரம் சாய்ந்து நிற்கிறது. அடைமழையில் அது விழும்போல ஆனால் காரை வெளியே தள்ள முடியவேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் காரை அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? அந்த யோசனை அதோடு முடிந்தது.

வளைந்த தொட்டில் போன்ற டயர் தாங்கிகள் கிடைக்கின்றன. சுமையைப் பரந்த வளைவில் தாங்குவதால் தட்டை விழுவது குறையும். வாசல் இறக்கத்தை நினைத்தும், உள்ளே காரை நகர்த்த வேண்டியிருக்கும் என்பதாலும் அதையும் விட்டோம்.

மிஞ்சியது காற்றும் நகர்த்தலும். பக்கச்சுவரில் அதிகபட்சம் 50 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருந்தது. நிற்கும் காலத்துக்கு நான்கிலும் 44 வைப்பதென்று முடிவு. பின் டயர் பதியும் பரப்பு அதனால் 120 சதுர செ.மீ. அளவுக்குச் சுருங்கும். இந்த அழுத்தத்தில் காரை ஓட்டக் கூடாது, ஈரச் சாலையில் பிடிமானம் குறையும். ஆகவே "44 காற்று இருக்கிறது, இறக்காமல் ஓட்டாதே" என்று எழுதிய அட்டையை ஸ்டியரிங்கில் கட்டினோம்.

நகர்த்துவதற்குக் கால் சுற்றுக் கணக்கு. முன் டயருக்கும் பின் டயருக்கும் கால் சுற்று என்பது அரை மீட்டரை ஒட்டியே வருகிறது. தரையில் அரை மீட்டர் இடைவெளியில் நான்கு கோடுகள் பெயிண்டில் போட்டோம். ஷெட்டின் நீளத்துக்குள் அது அடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரியவரும் அவர் மகனும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அடுத்த கோட்டுக்குத் தள்ள வேண்டும். வாசல் பக்கம் கனமான மரக்கட்டையை நிரந்தரமாகப் போட்டுவிட்டுத்தான் தள்ள வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த இறக்கத்தில் கார் உருண்டால் யாராலும் பிடிக்க முடியாது. தள்ளியபின் கியர் போட்டு, இரு பக்கமும் முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வேலையை நிறுத்தச் சொல்லி, பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். ஓடுகளை மாற்றியாயிற்று.

இவற்றோடு வந்து சேரும் மாலைக்கென்று ஒரு ஏற்பாடு. கோவையிலிருந்து ஏறி வந்த டயர் சூடாக இருக்கும், ஷெட் குளிர்ந்திருக்கும். சுமையோடு ஆறும் அந்த முதல் இரவில் விழும் வடிவத்தின் மேல்தான் மற்ற மாதங்கள் ஏறி உட்காருகின்றன. அதனால் அன்று இரவு மட்டும் நாங்களே போய்க் காரைத் தூக்கி வைத்து, காலையில் டயர் குளிர்ந்தபின் 44 வைத்து இறக்கினோம்.

நடந்தவை

மாதம் ஒருமுறை காற்றளவைப் பெரியவர் நோட்டில் எழுதினார். ஒவ்வொரு டயரும் மாதம் ஒரு பிஎஸ்ஐ அளவில் இறங்கியது, அவர் கால் பம்பில் அடித்து ஏற்றினார். மழையில் தொடர்ந்து கரண்ட் இல்லாத நாட்களிலும் கால் பம்புக்குத் தடை இல்லை. இடதும் வலதும் சேர்ந்தே இறங்கியதால் ரிம்மில் செய்த வேலை பலித்தது என்று தெரிந்தது.

உரிமையாளர் தானாக வாங்கி டயருக்கு அடியில் போட்ட தடித்த ரப்பர் பாய் சரிப்படவில்லை. டயர் அதில் புதைந்ததால் இருவராலும் தள்ள முடியவில்லை, அடியில் ஈரமும் தங்கியது. டிசம்பரில் எடுத்துவிட்டோம். குளிரும் மழையும் சேர்ந்த நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தள்ளுவதும் நடக்கவில்லை, மாதம் ஒன்று என்றாகிவிட்டது. பெரியவர் அதை மறைக்காமல் நோட்டில் தேதியோடு எழுதியிருந்தார்.

2025 ஏப்ரலில், காரை நகர்த்தும் முன் அளந்தது: முன் டயர்கள் 0.6, 0.7. பின் டயர்கள் இரண்டும் 0.5. புதிதாகப் பூட்டியபோது பின் டயர்கள் 0.3 காட்டின. காற்றை ஓட்டும் அளவுக்கு இறக்கி, மேட்டுப்பாளையம், காரமடை வழியாக அதே ஓட்டம். அரவேணு தாண்டும் வரை லேசான அதிர்வு, கீழே போய்ச் சேரும் முன் அதுவும் இல்லை. தூக்கி ஆற விட்டு அளந்தபோது பின் டயர்கள் 0.3க்கே வந்துவிட்டன, முன் டயர்கள் 0.4. பிரேக்கும் ஒட்டவில்லை.

டயர்கள் புதிதாக இருந்ததும் இந்த முடிவுக்கு உதவியிருக்கும். ஆனால் பழைய முன் டயர்களும் முந்தைய ஆண்டைவிட நல்ல நிலையில் வந்தன, அவற்றுக்கு ஒரு வயது கூடியிருந்தபோதும். தள்ளுவது பாதியாகக் குறைந்தும் இந்த விளைவு வந்திருப்பதைப் பார்த்தால், காற்றின் பங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

மாற்றப்போவது

இரண்டு வாரக் கெடுவைக் கைவிட்டு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்கிறோம். வயதானவரிடம் முடியாத கெடுவைக் கொடுப்பதால் பயனில்லை. காற்றைப் பார்ப்பதும் தள்ளுவதும் ஒரே நாளில் வரும்.

கால் பம்பில் இருந்த கேஜ் எங்கள் பட்டறைக் கேஜைவிட மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டியது ஏப்ரலில்தான் தெரிந்தது. நோட்டில் 44 என்றிருந்த நாட்களில் உண்மையில் இருந்தது 41. இந்த முறை சரிபார்த்த ஒரு கேஜை ஷெட்டிலேயே ஆணியில் மாட்டி வைக்கிறோம், அளப்பது அதில் மட்டும்.

முன் டயர்களின் வயதும் கணக்கில் இருக்கிறது. பல கம்பெனிகள் ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. அடுத்த ஏப்ரலில் அவற்றை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறம் பார்ப்பதென்று உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. அக்டோபரில் கோவையிலிருந்து கிளம்பும்போதே அவர் அழைப்பார், ஜாக்கியோடு நாங்கள் ஷெட்டில் இருப்போம்.